வாசகர் கேள்வி-பதில்: குவாசரின் தட்டும் குறுக்கே நிற்கும் விண்மீன்களும்

போன இதழில் ஐன்ஸ்டைன் சிலுவையின் படத்தை ஒரு சிறு குறிப்போடு போட்டிருந்தோம். நடுவில் மங்கலாக ஒரு கேலக்ஸி, அதைச் சுற்றி நாலு வெளிச்சப் புள்ளிகள். நாலும் ஒரே குவாசர்தான், அந்தப் புள்ளிகள் தனித்தனியாக ஏறி இறங்குவதை வைத்து ஒரு கருந்துளையைச் சுற்றியிருக்கும் வாயுத் தட்டையே அளந்துவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பக்கம் முழுக்க. வேறு விஷயம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே பொருள் எப்படி நாலாகத் தெரியும்? முதலில் குவாசர் என்பது விண்மீனா, கேலக்ஸியா? — கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சில கேலக்ஸிகளின் நடுவில், சூரியனைப்போல் பல கோடி மடங்கு, சிலவற்றில் 100 கோடி மடங்குக்கும் மேல் நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அதை நோக்கி இழுபடும் வாயு நேராக உள்ளே போய் விழுவதில்லை. சுற்றிச் சுற்றி ஒரு தட்டாகப் பரவி, உராய்ந்து, சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளி, அந்தக் கேலக்ஸியில் இருக்கும் அத்தனை விண்மீன்களின் ஒளியையும் கூட்டினாலும் அதைத் தாண்டும். அப்படிப்பட்டதுதான் குவாசர். தொலைநோக்கியில் பார்த்தால் விண்மீன் போலவே வெறும் புள்ளிதான். 1963-இல் மார்டன் ஷ்மிட் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையில் இருந்த கோடுகள் ஏறக்குறைய 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்த ஹைட்ரஜன் கோடுகள்தான் என்று கண்டுபிடித்த பிறகுதான் இவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதே உறைத்தது.

இனி நாலு புள்ளி விவகாரம். நிறை இருக்கும் இடத்தில் ஒளி வளையும். குவாசருக்கும் நமக்கும் நடுவில், கிட்டத்தட்ட ஒரே கோட்டில் ஒரு கேலக்ஸி இருந்தால், அதன் ஒரு பக்கமாகப் போகவேண்டிய ஒளியும் வளைந்து நம்மிடம் வரும், மறுபக்கமாகப் போனதும் வளைந்து வரும். நாம் வந்த திசையை மட்டும்தானே பார்க்கிறோம், ஆகவே இரண்டு, சில சமயம் நாலு பிம்பம் தெரிகிறது. இதைத்தான் ஈர்ப்பு வில்லை என்கிறோம்.

ஐன்ஸ்டைன் சிலுவையை ஜான் ஹுக்ராவும் உடன் இருந்தவர்களும் 1985-இல் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் குவாசரைத் தேடிப் போகவே இல்லை. கேலக்ஸிகளின் தொலைவைக் கணக்கெடுக்கும் பணியில் ஒவ்வொன்றாக நிறமாலை எடுத்துக்கொண்டிருந்தபோது, செம்பெயர்ச்சி (கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு; அது கூடினால் தொலைவும் கூடும்) 0.039 மட்டுமே உள்ள ஒரு பக்கத்துக் கேலக்ஸியின் நடு மையத்திலிருந்து 1.695 செம்பெயர்ச்சி உள்ள ஒரு குவாசரின் கோடுகள் வந்து விழுந்தன. கேலக்ஸி சுமார் 50 கோடி ஒளியாண்டு தொலைவில். குவாசரின் ஒளியோ சுமார் 1,000 கோடி ஆண்டு பயணம் செய்து வந்திருக்கிறது. முதலில் நாலு புள்ளியாகக்கூடப் பிரிந்து தெரியவில்லை, கூர்மையான படங்கள் பிறகுதான் வந்தன. நாலும் சேர்ந்து வானத்தில் 2 விகலைக்குள் அடங்கிவிடும் (1 டிகிரியை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு 1 விகலை).

கேள்வி: விண்மீன் வில்லையாக வேலை செய்வதைப் பார்க்கவே முடியாது என்று ஐன்ஸ்டைனே எழுதியிருப்பதாகப் படித்தேன். நீங்களோ பார்த்துவிட்டார்கள் என்கிறீர்கள். எது சரி? — ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

இரண்டும் சரிதான் ஐயா. 1936-இல் ருடி மாண்டல் என்ற ஆர்வலர் விடாமல் கேட்டுக்கொண்டதால் ஐன்ஸ்டைன் சயன்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு விண்மீனுக்கு நேர் பின்னால் இன்னொரு விண்மீன் வந்தால் அதன் ஒளி பெருகும், ஆனால் அப்படி நேர்கோட்டில் அமைவது மிக அரிது, பிரிந்து தெரியும் கோணமும் மிகச் சிறியது, ஆகவே காண வாய்ப்பில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். அன்றைய கருவிகளை நினைத்துப் பார்த்தால் அதில் குற்றமே இல்லை. அடுத்த வருடமே ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, விண்மீனை விடுங்கள், முழுக் கேலக்ஸியை வில்லையாக எடுத்துக்கொண்டால் காணமுடியும் என்றார். 1979-இல் அது நடந்தது: வால்ஷ், கார்ஸ்வெல், வெய்மன் மூவரும் சப்தரிஷி மண்டலத்தில் 6 விகலை இடைவெளியில் இருந்த இரண்டு குவாசர்கள் உண்மையில் ஒன்றே என்று காட்டினார்கள். பெயர் கியூ0957+561; எல்லோரும் இரட்டைக் குவாசர் என்பார்கள்.

அதே 1979 முடிவதற்குள் சாங், ரெஃப்ஸ்டால் இருவரும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைதான் நம் கதையின் ஆரம்பம். அவர்கள் கேட்டது எளிமையான கேள்வி. வில்லையாக நிற்கும் கேலக்ஸி ஒரே வழுவழுப்பான நிறை கிடையாதே, அதற்குள் விண்மீன்கள் தனித்தனியாக இருக்கின்றனவே, குவாசரின் ஒளி அந்த விண்மீன் கூட்டத்துக்கு நடுவே நுழைந்துதானே வருகிறது, அப்படியென்றால் ஒவ்வொரு விண்மீனும் தன் பங்குக்கு அந்த ஒளியை இன்னும் கொஞ்சம் வளைக்காதா? வளைக்கும். ஐன்ஸ்டைன் கணக்கில் ஒரு விண்மீனுக்குப் பின்னால் இன்னொன்று தற்செயலாக வரவேண்டும். இங்கே அப்படி எந்தத் தற்செயலும் வேண்டாம். குவாசரின் பிம்பம் விழும் இடத்திலேயே விண்மீன்கள் நெருக்கமாக நிற்கின்றன, எந்த நேரத்திலும் ஒன்றோ பலவோ அந்த ஒளியைக் கலைத்துக்கொண்டே இருக்கும். இதற்குத்தான் நுண்வில்லை விளைவு என்று பெயர், மைக்ரோலென்சிங் என்றே சொல்லலாம். 1989-இல் ஐர்வின் குழுவினர் ஐன்ஸ்டைன் சிலுவையில் ஒரு பிம்பம் மட்டும் தனியாகப் பிரகாசம் ஏறியதைக் காட்டியதுதான் குவாசரில் இது பிடிபட்ட முதல் சம்பவம்.

ஐன்ஸ்டைன் சொன்னதில் ஒரு பாதி இன்றும் அப்படியேதான் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். விண்மீன் பிரிக்கும் அந்தச் சின்னச் சின்னப் பிம்பங்கள் ஒன்றுக்கொன்று ஒரு சில மைக்ரோ விகலை (1 விகலையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 1 மைக்ரோ விகலை) தள்ளித்தான் இருக்கும். அவற்றை யாரும் தனித்தனியாகப் பார்த்ததில்லை. நாம் பார்ப்பது மொத்த வெளிச்சம் ஏறி இறங்குவதை மட்டும்.

கேள்வி: குறுக்கே ஒரு விண்மீன் வந்தால் மறைக்கத்தானே வேண்டும்? வெளிச்சம் ஏன் கூடுகிறது? — திருச்சி

மறைக்கும் அளவுக்கு அது பெரியது இல்லை. ஒரு விண்மீன் ஒளியை வளைத்துச் சேர்க்கும் பரப்பின் விட்டத்தோடு ஒப்பிட்டால் விண்மீனின் உடல் அதில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. மறைவது துளி, வளைந்து நம் பக்கம் திரும்புவது ஏராளம். ஆனால் வெளிச்சம் எப்போதும் கூடித்தான் ஆகவேண்டும் என்றில்லை. நாலு பிம்பங்களில் இரண்டு, ஒளி வந்து சேரும் நேரம் ஒரு திசையில் பார்த்தால் மேடாகவும் இன்னொரு திசையில் பள்ளமாகவும் இருக்கிற இடத்தில் உருவாகின்றன. அந்த இரண்டையும் விண்மீன்கள் நன்றாகவே மங்கலாக்க முடியும். எஸ்டிஎஸ்எஸ் ஜே0924+0219 என்ற நாலு பிம்பக் குவாசரில் அப்படி ஒரு பிம்பம், கேலக்ஸியை வழுவழுப்பாக வைத்துப் போட்ட கணக்கு எதிர்பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது. 2002-இல் ஷெக்டர், வாம்ப்ஸ்கான்ஸ் இருவரும் காட்டியது இன்னும் சுவாரசியம்: விண்மீன்களோடு கரும்பொருளும் (ஒளிராமல், ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள்) பரவலாகக் கலந்திருந்தால்தான் இந்த மங்கல் இவ்வளவு பலமாக வரும். ஆகவே இந்த மங்கலை வைத்து, பிம்பம் இருக்கும் இடத்தில் நிறையில் எவ்வளவு விண்மீன், எவ்வளவு கரும்பொருள் என்றே மதிப்பிடுகிறார்கள்.

கேள்வி: பார்க்கவே முடியாத தட்டை எப்படி அளக்கிறார்கள்? புள்ளியின் வெளிச்சம் ஏறி இறங்குவதற்கும் தட்டின் அகலத்துக்கும் என்ன சம்பந்தம்? — மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எவ்வளவு சிறியது என்று பார்த்துவிடுவோம். ஒரு தட்டின் அகலம் 1 ஒளிநாள் என்று வையுங்கள், அதாவது சுமார் 2,600 கோடி கி.மீ. நம் சூரிய மண்டலத்தைவிடப் பெரியதுதான், ஆனால் குவாசர் இருக்கும் தொலைவில் அது வானத்தில் அடைக்கும் கோணம் சுமார் 0.1 மைக்ரோ விகலை. ஹப்பிள் தொலைநோக்கியால் பிரித்துப் பார்க்க முடிந்தது சுமார் 0.05 விகலை, அதாவது இதைவிட 5 லட்சம் மடங்கு பெரியது. 2019-இல் எம்87 கருந்துளையின் படத்தை வெளியிட்ட ஈவண்ட் ஹொரைசன் ரேடியோ தொலைநோக்கிக் கூட்டமைப்புக்கே எல்லை சுமார் 20 மைக்ரோ விகலைதான். கண்ணாடியைப் பெரிதாக்கிக்கொண்டே போய் இதைப் பிடிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது வெயில் நேரத்தில் தண்ணீர்த் தொட்டியின் அடியைப் பாருங்கள். மேலே சிற்றலை ஓடும்போது அடியில் வெளிச்சம் சமமாகப் பரவாமல், பளிச்சென்ற மெல்லிய கோடுகள் வலைபோலப் பின்னி நெளியும். அலை ஒளியை வளைத்து, சில கோடுகளில் குவிக்கிறது. வில்லைக் கேலக்ஸியின் விண்மீன்கள் செய்வதும் இதேதான். குவாசர் இருக்கும் தொலைவில் ஒரு திரை இருப்பதாக நினைத்து, அதன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விளக்கை வைத்தால் அது நமக்கு எத்தனை மடங்கு பெருகித் தெரியும் என்று கணக்குப் போட்டால், அப்படியே அந்த வலை கிடைக்கும். ஆங்கிலத்தில் காஸ்டிக் என்பார்கள், நான் குவிகோடு என்று எழுதுகிறேன். குவிகோட்டின் ஒரு பக்கம் பெருக்கம் சாதாரணமாக இருக்கும், கோட்டைத் தாண்டி மறுபக்கம் போன உடனே ஒரு ஜோடி புதிய நுண்பிம்பம் முளைத்துப் பெருக்கம் சட்டென்று எகிறும். கோட்டின் மீதே ஒரு கணிதப் புள்ளியை வைத்தால் பெருக்கம் முடிவிலி.

குவாசர் கணிதப் புள்ளி இல்லை, அதற்கு அகலம் இருக்கிறது. அளவு இங்கேதான் வெளிப்படுகிறது. விண்மீன்களும் நகர்கின்றன, கேலக்ஸியும் நகர்கிறது, நாமும் நகர்கிறோம். ஆகவே குவிகோடு தட்டின் மேல் மெதுவாக ஊர்ந்து போகிறது. தட்டு சின்னதாக இருந்தால் கோடு சீக்கிரம் கடந்துவிடும், வெளிச்சம் செங்குத்தாக ஏறும், உச்சமும் உயரமாக இருக்கும். தட்டு பெரிதாக இருந்தால் கோடு அதன் ஒரு ஓரத்தைப் பெருக்கும்போது மற்ற பகுதிகள் சாதாரணமாகவே இருக்கும், ஏற்றம் சாய்வாக, மழுங்கலாக வரும். வலையின் கண்ணையே விடத் தட்டு பெரிதாகிவிட்டால் எல்லாம் சராசரியாகி ஒன்றுமே தெரியாது. குவாசரின் ரேடியோ அலைகளில் இந்த ஆட்டம் பொதுவாகத் தெரியாமல் போவது இதனால்தான், அவை வரும் பகுதி அவ்வளவு பெரியது.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐன்ஸ்டைன் சிலுவையில் வில்லைக் கேலக்ஸி நமக்கு மிகப் பக்கம், குவாசர் மிகத் தூரம். ஆகவே கேலக்ஸி நொடிக்குச் சில நூறு கி.மீ. நகர்ந்தாலே குவாசரின் தளத்தில் அந்த வலை நொடிக்குச் சில ஆயிரம் கி.மீ. நகரும். 6,000 கி.மீ. என்று வைத்தால் 1 ஒளிநாள் அகலத்தைக் கடக்க சுமார் 50 நாள். மாதக்கணக்கில் நடக்கிற விஷயம் என்பதால் பொறுமையாக உட்கார்ந்தால் பதிவு செய்துவிடலாம். மற்ற வில்லைகள் பலவற்றில் இது இன்னும் மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். சிலியில் லாஸ் கம்பனாஸ் மலையில் இருக்கும் 1.3 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு போலந்துக்காரர்களின் ஓகிள் குழு 1997 முதல் சிலுவையைத் தொடர்ந்து படம் எடுத்தது. 1999-இல் ஏ, சி என்ற இரண்டு பிம்பங்களும் நன்றாக எகிறின, பி-யும் டி-யும் அப்படிச் செய்யவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தாலே போதும், குவாசர் தானாகப் பிரகாசித்திருந்தால் நாலும் சேர்ந்தே எழுந்திருக்கும் என்று யாருக்கும் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. அந்த வலை உண்மையில் எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது, எந்த விண்மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வழியே இல்லை. ஆகவே கணினியில் ஆயிரக்கணக்கில் வலைகளைச் செய்து, அவற்றின் மேல் பல அளவில் தட்டுகளைப் பல திசைகளில், பல வேகங்களில் ஓடவிட்டு, பதிவான ஏற்ற இறக்கத்தோடு எவை பொருந்துகின்றன என்று பார்க்கிறார்கள். கோச்சானெக் 2004-இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். கிடைக்கும் விடையும் ஒற்றை எண்ணாக இருக்காது, இந்த அளவிலிருந்து அந்த அளவுக்குள் என்றுதான் வரும். நீங்கள் மென்பொருள் எழுதுகிறவர், விண்மீன்களைத் தூவி, நம் பக்கமிருந்து கதிர்களைப் பின்னோக்கி எய்து, அவை திரையில் எங்கே விழுகின்றன என்று எண்ணும் நிரலை நீங்களே சில மணி நேரத்தில் எழுதிவிடலாம். முயன்று பாருங்கள், வலை திரையில் வரும்போது அத்தனை அழகாக இருக்கும்.

கேள்வி: குவாசரே தானாக மினுக்கிக்கொண்டிருக்கும் என்கிறார்கள். எது தட்டின் சொந்த மினுக்கல், எது நடுவில் விண்மீன் செய்த வேலை என்று எப்படிப் பிரிப்பது? — மதுரை

குவாசர் சொந்தமாகச் செய்வது எல்லாப் பிம்பத்திலும் வரும், ஆனால் ஒரே நேரத்தில் வராது. ஒவ்வொரு பிம்பத்தின் ஒளியும் வெவ்வேறு நீளமுள்ள பாதையில் வருகிறது. விண்மீன் செய்வது அந்த ஒரு பிம்பத்தில் மட்டும். ஆகவே தாமதம் எவ்வளவு என்று தெரிந்தால் ஒரு பிம்பத்தின் பதிவை அத்தனை நாள் நகர்த்தி, மற்றதிலிருந்து கழித்துவிடலாம். மிச்சம் இருப்பது நுண்வில்லை. ஐன்ஸ்டைன் சிலுவையில் தாமதம் மணிக்கணக்கில், மிஞ்சினால் ஓரிரு நாள் என்பதால் நகர்த்தவே தேவையில்லை, அதனால்தான் எல்லோருக்கும் அது செல்லப்பிள்ளை.

தாமதத்தை அளப்பதும் சுலபமாக நடந்துவிடவில்லை. இரட்டைக் குவாசரில் அது சுமார் 415 நாளா, 540 நாளா என்று பல வருடம் சண்டை. ஒரே பதிவுகளை வைத்துக்கொண்டே இரண்டு தரப்பும் வாதாடின. 1994 டிசம்பரில் ஏ பிம்பம் சட்டென்று மங்கியதை நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட் வானாய்வகத்தில் குண்டிச் குழுவினர் பதிவு செய்தார்கள். உடனே, 415 நாள் சரியென்றால் பி பிம்பம் 1996 பிப்ரவரியில் இதேபோல மங்கவேண்டும், 540 சரியென்றால் ஜூன் வரை ஆகும் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிப்ரவரியில் மங்கியது. 417 நாள் என்று முடிவானது. நடந்து முடிந்த ஒன்றை விளக்குவது வேறு, தேதியைக் குறித்துக்கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பது வேறு. இந்தத் துறையில் இதைவிடத் துணிச்சலான வேலை எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். தாமதத்தை அளப்பவர்களுக்கு வேண்டியது பிரபஞ்சம் விரியும் வேகம், அதாவது ஹப்பிள் மாறிலி (ரெஃப்ஸ்டால் 1964-லேயே இந்த வழியைச் சொல்லிவிட்டார்). அவர்களுக்கு நுண்வில்லை ஒரு தொல்லை, பதிவிலிருந்து நீக்கவேண்டிய குப்பை. தட்டை அளப்பவர்களுக்கு அந்தக் குப்பைதான் சரக்கு. ஒரே தொலைநோக்கி, ஒரே பதிவு, இரண்டு கூட்டத்துக்கும் பயன்படுகிறது.

கேள்வி: சரி, அளந்து என்ன கண்டுபிடித்தார்கள்? — புதுச்சேரி

தட்டு தியரி சொல்வதைவிடப் பெரிதாக இருக்கிறது என்று. எனக்கு இதில் இருக்கும் ஆர்வமெல்லாம் அந்த ஒரு முடிவில்தான்.

1973-இல் ஷாகுரா, சுன்யாயெவ் என்ற சோவியத் விஞ்ஞானிகள் இருவர் இத்தகைய தட்டுக்கு எழுதிய கணக்குதான் இன்றும் பாடம். உள்ளே சூடு அதிகம், வெளியே போகப் போகக் குறையும். சூடான உள்பகுதி புறஊதாவில் ஒளிரும், வெளிப்பகுதி சிவப்பிலும் அகச்சிவப்பிலும். ஆகவே நீல வடிகட்டி போட்டுப் பார்த்தால் தட்டு சின்னது, சிவப்பு வடிகட்டியில் பெரியது. அலைநீளம் இரட்டித்தால் விட்டம் சுமார் இரண்டரை மடங்கு. நுண்வில்லையில் இதை நேரடியாகவே சோதிக்கலாம், குவிகோடு கடக்கும்போது நீலம் சிவப்பைவிட அதிகமாக எகிறவேண்டும். எகிறுகிறது. சிலியின் விஎல்டி தொலைநோக்கியில் ஐகன்பிராட் குழு 2008-இல் சிலுவையின் நிறமாலையை இப்படித் தொடர்ந்து பார்த்து, வெப்பம் குறையும் விதம் கணக்கோடு ஒத்துப்போவதாகக் காட்டியது. 2011-இல் ஹப்பிளை வைத்து எச்இ 1104-1805 என்ற குவாசரில் தட்டின் அகலம் 4 முதல் 11 ஒளிநாள் என்று கண்டார்கள், கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 10,000 கோடியிலிருந்து 30,000 கோடி வரை. அத்தனை தொலைவில் இருக்கும் ஒன்றை இரண்டு, மூன்று மடங்கு துல்லியத்துக்குள் அளந்துவிட்டார்கள் என்பதே பெரிய விஷயம்.

எக்ஸ்ரேயில் கதை வேறு. அது தட்டின் உள் விளிம்பை ஒட்டிய மிகச் சூடான பகுதியிலிருந்து வருகிறது. 1999-இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ்ரே வானாய்வகம்தான் பிம்பங்களைத் தனித்தனியாகப் பிரித்து எக்ஸ்ரேயில் காட்டியது. அது நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய கருவி என்பது உங்களுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லேசாக ஆடிய பிம்பங்கள் எக்ஸ்ரேயில் தாறுமாறாக ஆடின. எக்ஸ்ரே வரும் பகுதி அவ்வளவு சிறியது, சூரியனைப்போல் 100 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளைக்கு அரை ஒளிநாள் அளவுதான் இருக்கும்.

ஆனால் தட்டின் மொத்த அளவில்தான் இடிக்கிறது. குவாசரின் வெளிச்சத்தை வைத்து ஷாகுரா-சுன்யாயெவ் கணக்கின்படி தட்டு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பார்த்தால், நுண்வில்லை காட்டும் அளவு அதைவிட இரண்டு முதல் நாலு மடங்கு பெரிதாக வருகிறது, அதுவும் ஒன்றிரண்டில் இல்லை, குவாசருக்குக் குவாசர். நுண்வில்லை முறையில்தான் ஏதோ கோளாறு என்று தள்ளிவிடவும் முடியாது. பக்கத்தில் இருக்கும் என்ஜிசி 5548 என்ற கேலக்ஸியில் வில்லையே இல்லாமல், நீல ஒளி மாறிய பிறகு சிவப்பு எவ்வளவு நேரம் கழித்து மாறுகிறது என்ற வேறொரு முறையில் அளந்தபோதும் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகத்தான் வந்தது. விளக்கங்கள் பல. தட்டு சீராக இல்லாமல் திட்டுத் திட்டாகச் சூடும் குளிர்ச்சியுமாகக் கொதிக்கிறது என்று டெக்ஸ்டர், எகோல் இருவரும் 2011-இல் சொன்னார்கள்; தட்டிலிருந்து கிளம்பும் காற்று ஒளியைச் சிதறடித்துப் பெரிதாகக் காட்டுகிறது என்பவர்களும் உண்டு; வெளியே இருக்கும் வாயு மேகங்களின் ஒளியும் கலந்துவிடுகிறது என்பது மூன்றாவது கட்சி. எனக்கு முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தே இருக்கும் என்று படுகிறது, ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

கேள்வி: இதே முறையில் வேறு கேலக்ஸியில் கோள்களைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே, உண்மையா? — பிளஸ் டூ மாணவர், வேலூர்

2018-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஷின்யு டாய், எட்வார்டோ குவெராஸ் இருவரும் வெளியிட்டது அது. ஆர்எக்ஸ் ஜே1131-1231 என்ற குவாசரின் எக்ஸ்ரே நிறமாலையில் இரும்பின் கோடு அடிக்கடி இடம் மாறுகிறது; இவ்வளவு அடிக்கடி மாற வேண்டுமானால் சுமார் 380 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் வில்லைக் கேலக்ஸியில் விண்மீன்களோடு கூட, நிலா முதல் வியாழன் வரை நிறையுள்ள தனித்த கோள்கள் ஒரு விண்மீனுக்குச் சுமார் 2,000 வீதம் திரியவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். குறிப்பிட்ட ஒரு கோளை இதோ என்று காட்டியதாகச் சில செய்திகள் எழுதியது தவறு. மாதிரிகளை வைத்துச் செய்த மதிப்பீடு அது, இரும்புக் கோடு நகர்வதற்கு வேறு காரணம் இருந்தால் எண்ணிக்கையும் மாறிவிடும். ஆர்வத்தோடு கவனிக்கவேண்டிய வேலை, பாடப்புத்தகத்தில் ஏற்றும் நிலைக்கு வரவில்லை.

கேள்வி: இதில் நம் நாட்டின் பங்கு ஏதாவது உண்டா? வீட்டு மாடியிலிருந்து ஒரு குவாசரையாவது பார்க்க முடியுமா? — அமெச்சூர் வானியல் ஆர்வலர், திருநெல்வேலி

உண்டு. லடாக்கில் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அதை ஹோஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் தொடர்பு வழியாக இயக்குகிறது. வில்லைக் குவாசர்களைப் பல நாடுகளிலிருந்து வருடக்கணக்கில் கண்காணித்த காஸ்மோகிரெய்ல் திட்டத்தில் அதுவும் ஒரு தொலைநோக்கி. எஸ்டிஎஸ்எஸ் ஜே1001+5027 என்ற இரட்டைப் பிம்பக் குவாசரின் தாமதம் சுமார் 119 நாள் என்று 2013-இல் வந்த முடிவில் ஹான்லேயின் பதிவுகளும் சேர்ந்திருக்கின்றன. இனி சிலியில் 8.4 மீட்டர் ரூபின் வானாய்வகம் பத்து வருடம் தென்வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கப் போகிறது, முதல் படங்கள் 2025 ஜூனில் வெளிவந்துவிட்டன. இதுவரை தெரிந்த வில்லைக் குவாசர்கள் சில நூறு. ஆயிரக்கணக்கில் ஆகும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

மாடியிலிருந்து என்றால் 3சி 273-லிருந்து தொடங்குங்கள். கன்னி ராசி மண்டலத்தில் இருக்கிறது, பிரகாசம் சுமார் 12.9 பருமன் (இந்த எண் கூடக் கூட மங்கல்), 8 அங்குல தொலைநோக்கி, ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு, ஒரு நல்ல வரைபடம் மூன்றும் இருந்தால் மார்ச் முதல் மே வரை எடுத்துவிடலாம். அதற்கு வில்லை கிடையாது, ஒரே புள்ளிதான், ஆனால் 240 கோடி ஒளியாண்டு தொலைவு. இரட்டைக் குவாசர் சுமார் 17 பருமன், ஆகவே சாதாரணத் தொலைநோக்கியில் கண்ணால் பார்க்க நினைக்காதீர்கள், கேமரா வேண்டும். சப்தரிஷி மண்டலத்தில் என்ஜிசி 3079 என்ற கேலக்ஸியைக் கண்டுபிடித்துவிட்டால் கால் டிகிரி தள்ளி இருக்கும். திருநெல்வேலியிலிருந்து அது வடக்கே சுமார் 43 டிகிரி உயரம் வரைதான் ஏறும், ஆகவே வடக்கு அடிவானம் திறந்திருக்கும் இடமாகப் பாருங்கள். காற்று அமைதியாக இருக்கும் இரவில் பல சிறு படங்களாக எடுத்து ஒன்றாக அடுக்கினால் 6 விகலை இடைவெளி இரண்டு புள்ளியாகப் பிரிந்து விழும். எடுத்தால் படத்தை அனுப்புங்கள், தேதியையும் வடிகட்டியின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்; ஏ, பி இரண்டின் வெளிச்சத்தையும் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அளப்பது எப்படி என்று அடுத்த இதழில் படிப்படியாக எழுதுகிறேன்.